கறுப்புச் சட்டை மாமாவை மடக்குவது எப்படி?

கிறிஸ்துமஸ் மதியம்தான் இதற்கு உகந்த நேரம். பிரியாணி உள்ளே போன பிறகு மனைவியின் தாய்மாமாவால் சட்டென்று எழுந்து போக முடியாது. பெரியார் பற்றாளர், இன்றைக்கும் கறுப்புச் சட்டையில்தான் வந்திருப்பார். கேக் அவர் வாயில் இருக்கும்போதே ஆரம்பித்துவிடுங்கள்.

கடவுளை மறுப்பவரைப் பற்றி 14ஆம் சங்கீதம் முதல் வசனத்திலேயே என்ன சொல்கிறதோ, அதை எடுத்த எடுப்பில் வாசித்துக் காட்டுங்கள். வீட்டுக்கு வந்த விருந்தாளியை முட்டாள் என்பதற்கு இதைவிட மரியாதையான வழி கிடையாது. 1 பேதுரு 3:15 பக்கம் மட்டும் போய்விட வேண்டாம். கேட்கிறவருக்குச் சாந்தமாகப் பதில் சொல்லச் சொல்கிறது அது. நம்மிடம் யார் என்ன கேட்டார்கள்?

மாமா என்ன படிக்கிறார் என்றும் விசாரிக்காதீர்கள். 'நான் ஏன் கிறிஸ்தவன் அல்ல' என்று பெர்ட்ரண்ட் ரஸல் 1927இல் லண்டனில் பேசியதைப் பெரியாரின் குடிஅரசுக்காரர்கள் அந்தக் காலத்திலேயே தமிழில் போட்டுவிட்டார்கள். வாய் தவறிக் கேட்டால் எடுத்துக் கொடுத்துவிடுவார், அப்புறம் படித்துத் தொலைக்க வேண்டும். முந்திக்கொண்டு நீங்கள் ஒரு கைப்பிரதியை நீட்டிவிடுங்கள்.

அடுத்து, கடிகாரம் என்று ஒன்று இருந்தால் அதைச் செய்தவன் இருக்க வேண்டாமா என்று கேளுங்கள். இளவட்டமாக இருந்தபோதிருந்து இதைக் கேட்டுப் புளித்தவர் அவர்.

"அது இருக்கட்டும் மாப்ள. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்துல நடுவுல சுவர் எதுக்கு? செத்த பொறவும் சாதியா?"

இந்த இடத்தில்தான் பலர் வழுக்குகிறார்கள். கடவுள் உண்டா இல்லையா என்பது மாமாவுக்கு இரண்டாவது கேள்வி. சாதிக்குக் காவல் நிற்கிற கடவுள் எதற்கு என்பதுதான் முதல் கேள்வி. பெரியார் கிளம்பியதே அங்கிருந்துதான். அதற்குக் கடிகாரத்தில் பதில் இல்லை. "அது ஆர்.சி. மாமா, நாங்க சி.எஸ்.ஐ." என்று நழுவிப் பார்க்கலாம். திருமண்டலத் தேர்தலில் எந்தச் சாதி எந்த அணிக்கு ஓட்டுப் போட்டது என்று அவர் திருப்பிக் கேட்டால், இன்னொரு துண்டு கேக் வையுங்கள்.

யோபுவின் நண்பர்களை நினைக்கவே கூடாது. ஏழு நாள் இரவும் பகலும் வாயே திறக்காமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நன்றாகத்தான் போயிற்று. பிறகு கடவுளுக்காக வாதாட ஆரம்பித்தார்கள். கடைசி அதிகாரத்தில், புலம்பித் தீர்த்த யோபுவை விட்டுவிட்டு இந்த வக்கீல்கள்மேல்தான் கர்த்தர் கோபப்பட்டார்.

மாமா செருப்பு மாட்டும்போது, "உங்களுக்காக ஜெபிக்கிறோம்" என்று சொல்லி அனுப்புங்கள். குரலில் லேசான மிரட்டல் இருக்கட்டும். "ஆகட்டும் மாப்ள, பொங்கலுக்கு நம்ம வீட்டுக்கு வாங்க" என்பார். போய்விடாதீர்கள். அங்கே அவர் பேசுவார், நீங்கள் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.