கோடிட்ட இடத்தை நிரப்பாதீர்கள்

பிளஸ் டூ மாணவச் செல்வங்களே! இந்த வார வரலாற்று வீட்டுப்பாடம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வந்துவிட்டது. பெற்றோர் படித்ததற்கு அடையாளமாகக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டவும்.

திங்கள்: முகலாய அரசவைப் பாடத்தைத் தேடாதீர்கள். 2023-இல் வந்த என்சிஇஆர்டி புத்தகத்தில் அது இல்லை. பாடச்சுமையைக் குறைத்தார்களாம். உங்கள் புத்தகப்பை அதே கனம்தான். அக்பர்தான் கனம் என்று கண்டுபிடித்து இறக்கிவிட்டார்கள். ஷாஜகான் கட்டிய செங்கோட்டையை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். ஆகஸ்ட் 15-க்குக் கொடியேற்ற இடம் வேண்டாமா?

செவ்வாய்: காந்தி கொலை. 1948 ஜனவரி 30, டெல்லி. தேதியும் ஊரும் மனப்பாடம் செய்தால் போதும். கொலைக்குப் பின் ஆர்எஸ்எஸ் தடைசெய்யப்பட்டதைச் சொன்ன வரி, அரசியல் அறிவியல் புத்தகத்தில் இருந்தது; இப்போது இல்லை. 'எப்போது கொன்றார்கள்' என்பது ஒரு மார்க். 'ஏன் கொன்றார்கள்' என்பது அவுட் ஆஃப் சிலபஸ்.

புதன்: 2002 குஜராத் கலவரம். அந்தப் பக்கங்களும் போய்விட்டன. எனவே இன்று வீட்டுப்பாடம் இல்லை. விளையாடப் போகலாம்.

வியாழன்: முன்மாதிரி அசைன்மென்ட். கீழடியைத் தோண்டிய தொல்லியலாளர் அமர்நாத் ராமகிருஷ்ணா 2023 ஜனவரியில் 982 பக்க அகழாய்வு அறிக்கை எழுதிக் கொடுத்தார். வாத்தியாரான இந்தியத் தொல்லியல் துறை இரண்டு ஆண்டுக்கு மேல் கையில் வைத்திருந்துவிட்டு, 2025 மே மாதம் 'திருத்திக் கொண்டு வா' என்று திருப்பியது. அவர் மறுத்தார். ஜூனில் இடமாற்றம். பாடம் புரிந்ததா? மண்ணுக்குள் இருப்பதை எழுதக் கூடாது. வாத்தியார் மனத்தில் இருப்பதை எழுத வேண்டும்.

வெள்ளி: டெஸ்ட். கோடிட்ட இடம் மட்டும் வரும். நிரப்புகிறவருக்கு மார்க் குறையும்.

கிண்டல் போதும். கத்தரிக்கோல் பிடித்தவர்களைத் திட்டுவது சுலபம். அவர்களுக்குக் காகிதத்தை விரித்துப் பிடித்தவர்கள் நாம். ஒரு நாள் நோட்டு வைக்காத பிள்ளையை வெளியே நிறுத்துகிற பள்ளி, ஒரு பாடமே காணாமல் போனபோது யாரை நிறுத்தியது? 'இது பப்ளிக்கில் வருமா சார்?' என்ற ஒரே கேள்வியைக் கேட்கத்தான் பிள்ளைகளைப் பழக்கியிருக்கிறோம். பக்கத்தைக் கிழித்தால் அவர்களுக்குக் கோபம் வராது. படிக்க வேண்டியது குறைந்தது என்று கைதட்டுவார்கள். கிழித்தவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

பெற்றோருக்கு ஒரே ஒரு நினைவூட்டல். மூத்த பிள்ளை படித்த பழைய புத்தகம் பரணில் கிடந்தால், அதை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். சுமை என்று இறக்கப்பட்டதெல்லாம் அதில்தான் இருக்கிறது.