இரண்டு சென்ட் பண்ணையார்

திருவனந்தபுரத்தில் வீடு போக இரண்டு சென்ட் மிஞ்சினால் போதும், மனுஷனுக்குப் பண்ணையார் ஆசை வந்துவிடுகிறது. முதலில் எதை வாங்குவது? கோழி என்றால் தெருநாயும் கீரியும் முறை வைத்து வருகின்றன. ஆடு என்றால் பக்கத்து வீட்டுச் செம்பருத்திக்கு யார் பதில் சொல்வது? கடைசியில் எல்லோரும் வந்து நிற்பது வெச்சூர் பசுவிடம். மூன்றடி உயரம், நாளைக்கு இரண்டு மூன்று லிட்டர் பால். காரைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தினால் தொழுவம் தயார்.

இந்தப் பசுவின் கதைதான் வேடிக்கை. 1961-இல் கேரளத்தில் கால்நடை அபிவிருத்திச் சட்டம் வந்தது. கலப்பினத்துக்கு வழிவிட நாட்டுக் காளைகளுக்குக் காயடித்தார்கள். 1989-இல் மண்ணுத்தி கால்நடைக் கல்லூரியின் சோசம்மா ஐப்பும் மாணவர்களும் வெச்சூர்ப் பக்கம் அலைந்து, அருகிப்போன இந்த இனத்தின் மிச்சம் மீதியைத் தேடிப் பிடித்தார்கள். 2022-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது, நியாயம்தான். பசுவுக்குக் கிடைத்தது விலை.

வாங்கியவர் இப்போது தமிழ்நாட்டு வைக்கோல் லாரிக்காக வழிமேல் விழி வைத்திருக்கிறார். பிள்ளைகள் செல்ஃபி எடுக்கிறார்கள். கறக்கத்தான் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது, கன்று கொழுக்கிறது. காலைக் காப்பிக்கு மில்மா பால் கவர் வந்துவிடுகிறது.