இதர விஷயங்கள், தலைவர் அனுமதியுடன்

சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுக்குழு பெரும்பாலும் கார் பார்க்கிங்கில்தான் கூடும். நாலு காரை வெளியே எடுத்து நிறுத்திவிட்டு, வாடகை பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டால் சபை தயார். ஞாயிறு காலை பத்து மணி என்று நோட்டீஸ் ஒட்டியிருப்பார்கள். சொன்ன நேரத்துக்கு வருபவர்கள் செயலாளர், பொருளாளர், மூன்றாவது மாடியில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற அதிகாரி. முதல் இருவருக்கும் வேறு வழியில்லை. மூன்றாமவர் கையில் ஃபைல் இருக்கிறது.

"கோரம் இல்லை, அரை மணி நேரம் ஒத்திவைக்கிறோம்" என்பார் செயலாளர். ஒத்திவைத்த கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தாலும் அதுவே கோரம் என்று பல சங்கங்களின் பைலாவில் எழுதி வைத்திருக்கிறார்கள். பெரிய கம்பெனிகளுக்கும் இந்தக் கருணை உண்டு. அரை மணி நேரத்தில் ஆள் சேராவிட்டால் கூட்டம் அடுத்த வாரத்துக்குப் போகும், அன்றும் சேராவிட்டால் வந்தவர்களை வைத்து நடத்திக்கொள்ளலாம் என்கிறது 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டம். கிராம சபையில் கணக்கு கறார். மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர் வர வேண்டும். 10,000 தாண்டினால் 300 பேர். கார் பார்க்கிங் ஜனநாயகத்துக்கு அவ்வளவு பேரெல்லாம் வேண்டாம். போண்டா வந்து இறங்கும் நேரத்துக்குக் கோரமும் தானாக வந்துவிடும்.

முதல் பொருள், கட்டடத்துக்குப் பெயின்ட் அடிப்பது. ஃபைல் திறக்கிறது. பெயின்ட் நீர்க்கசிவுக்குப் போகிறது, நீர்க்கசிவு 2015 டிசம்பர் வெள்ளத்துக்கு, வெள்ளம் பில்டர் போட்டுக் கொடுத்த மட்டமான பைப்புக்கு. இடையில் யாரோ, "மெயின்டனன்ஸை சதுர அடிக் கணக்கில் வாங்குவதா, வீட்டுக்கு இவ்வளவு என்று வாங்குவதா?" என்று கொளுத்திப் போடுகிறார். அதற்குப் பிறகு பெயின்ட்டை யாரும் தேடுவதில்லை.

இதற்கு மருந்து கண்டுபிடித்தவர் அமெரிக்க ராணுவத்தின் பொறியாளர் ஹென்றி மார்ட்டின் ராபர்ட். 1863இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நியூ பெட்ஃபோர்டு நகரில் ஒரு தேவாலயக் கூட்டத்துக்கு அவரைத் தலைமை தாங்கச் சொன்னார்கள். கூட்டம் நடத்தத் தெரியாது என்பது தலைமை தாங்கிய பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. கூட்டம் ரசாபாசமானது. மற்றவர்களாக இருந்தால் இனி தலைமைப் பக்கமே போவதில்லை என்று முடிவு செய்திருப்பார்கள். ராபர்ட் சபை நடைமுறைகளைத் தேடிப் படித்து, 1876இல் ஒரு விதிப் புத்தகமே போட்டுவிட்டார். 1900 சூறாவளியில் கால்வெஸ்டன் நகரம் அழிந்த பிறகு கடலைத் தடுக்க அங்கே எழுப்பிய சுவரைத் திட்டமிட்ட குழுவிலும் அவர் இருந்தார். பேச்சுக்கு அணை போட்டுப் பழகிய கை.

அவர் விதிகளில் கார் பார்க்கிங்குக்கு வேண்டியவை கொஞ்சம்தான். முதலில் தீர்மானம், அப்புறம்தான் பேச்சு. 'பெயின்ட் அடிப்பது பற்றி' என்று தொடங்கினால் வெள்ளம் வராமல் இருக்காது. 'இந்தக் கொட்டேஷனை ஏற்று, மழைக்கு முன்பு பெயின்ட் அடிப்பது' என்று ஒருவர் முன்மொழிந்து இன்னொருவர் வழிமொழிந்தால், அதற்கு வெளியே போகிறவரைத் தலைவர் மரியாதையாகவே திருப்பிக் கொண்டுவரலாம். ஒரு பொருள் மீது ஒருவர் இரண்டு முறைக்கு மேல் பேசக் கூடாது. ஒரு முறைக்குப் பத்து நிமிடம். பேசாதவர் பேசக் காத்திருக்கும்போது, பேசியவருக்கு இரண்டாம் வாய்ப்பு கிடையாது. எல்லோரும் தலைவரைப் பார்த்துத்தான் பேச வேண்டும். எதிர்வீட்டுக்காரர் நாய் வளர்க்கிறார் என்பதைத் தலைவரிடம் சொல்லும்போது சுருதி கொஞ்சம் இறங்கத்தான் செய்கிறது.

பேசியவரை உட்கார வைக்கும் விதியின் பலன் கடைசி வரிசையில் தெரியும். அங்கே முதல் மாடிப் பெண்மணி ஒருவர் நெடுநேரமாகக் கையைத் தூக்குவதும் இறக்குவதுமாக இருக்கிறார். வீட்டுப் பத்திரம் அவர் பெயரில். பேசுவது அவர் கணவர். "மேடம் ஏதோ சொல்லணும்கிறாங்க" என்று தலைவர் கை காட்டியதும் எழுந்து, "மொட்டை மாடியில ஓடு பெயர்ந்திருக்கு சார். அதைச் சரி பண்ணாம பெயின்ட் அடிச்சா அடுத்த மழைக்கே உரிஞ்சிடும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார். கொட்டேஷனில் மொட்டை மாடியே இல்லை என்பதைப் பொருளாளர் அப்போதுதான் கவனிக்கிறார். ஃபைலிலும் அது இல்லை.

ஓட்டெடுப்பில் வேறொரு சங்கடம். "எல்லோரும் ஒத்துக்கறீங்கல்ல?" என்று கேட்டுவிட்டு, அரை நொடியில் 'ஏகமனதாக நிறைவேறியது' என்று எழுதிவிடுவது வழக்கம். எதிர்ப்பவர்கள் யார் என்று தனியாகக் கேட்டு, ஆற அமர ஒரு பார்வை பார்த்தால்தான் அது வாக்கெடுப்பு. தலைவர் ஒரு கட்சி சேர்ந்துவிட்டாலும் வம்புதான். மக்களவையில் சபாநாயகர் முதலில் ஓட்டுப் போடுவதில்லை. இரு தரப்பும் சமமாக நின்றால் மட்டும் போடுவார். அரசியல் சட்டத்தின் 100ஆவது பிரிவு அப்படித்தான் வைத்திருக்கிறது. நாய், பார்க்கிங் போன்ற விவகாரங்களுக்குச் சீட்டு எழுதிப் போடுவது உத்தமம். எதிராகக் கை தூக்கிவிட்டு மறுநாள் ஒரே லிஃப்டில் இறங்க வேண்டுமே!

சீட்டு விஷயத்தில் காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர்க்காரர்கள் யாரையும் நம்பவில்லை. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 920ஐ ஒட்டி, வாரியம் எனும் ஊர் நிர்வாகக் குழுக்களுக்கு ஆள் எடுக்கும் குடவோலை முறையைக் கல்லிலேயே வெட்டி வைத்துவிட்டார்கள். குடும்பு என்றால் ஊரின் வார்டு. 30 குடும்புகளிலிருந்து பெயர் எழுதிய ஓலைகள் குடத்தில் விழும். குடத்தைச் சபை முழுவதும் பார்க்கத் தூக்கிக் காட்டுவார்கள். விவரம் அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுப்பான். வாங்குகிற மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும். விரலிடுக்கில் வேறு ஓலை ஒளிந்திருக்கக் கூடாதல்லவா! சொந்த நிலம், வேதப் படிப்பு என்று தகுதி கேட்டதால் ஊரில் பெரும்பாலோருக்கும் பெண்களுக்கும் அந்தக் குடத்தில் இடமில்லை. உள்ளே வந்தவர்களிடம் மட்டும் கண்டிப்பு பலமாக இருந்தது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயர் குடத்தில் விழாது. அவருடைய மாமனார், மைத்துனர், மருமகன் பெயரும் விழாது. இந்த விதியை இன்று அமல்படுத்தினால் பல சங்கங்களில் பொருளாளர் பதவிக்கு வெளியூரிலிருந்துதான் ஆள் வர வேண்டியிருக்கும்.

கலைவதற்கு முன் முடிவுகளை உரக்கப் படிப்பது இன்னொரு நல்ல பழக்கம். யார் செய்வது, எப்போதுக்குள், எவ்வளவு செலவில் என்று மூன்றும் மினிட்ஸ் நோட்டில் ஏறிவிட்டால், 'நான் அப்படிச் சொல்லவே இல்லையே' என்பதற்கு வழியில்லாமல் போகும்.

கடைசியில் 'இதர விஷயங்கள், தலைவர் அனுமதியுடன்'. புதிய செயலாளர் தேர்வு இதில்தான் வருகிறது. "யாராவது முன்வாங்க" என்றதும் சபை அன்றைக்கு முதல்முறையாக அமைதியாகிறது. ஃபைல்காரர் செல்போனை எடுக்கிறார். முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் மறுபடி வரக் கூடாது என்று உத்திரமேரூரில் தடையே போட வேண்டியிருந்தது. இங்கே பழையவர், "போதும் சார், விட்டுடுங்க" என்று கும்பிடுகிறார். அந்த நேரம் பார்த்து சம்ப் நிரம்பி வழிகிறது என்று வாட்ச்மேன் ஓடி வர, மோட்டாரை நிறுத்தப் போகிறார் செயலாளர். அவர் திரும்பி வருவதற்குள் முன்மொழிந்து, வழிமொழிந்து, எதிர்ப்பவர்கள் யார் என்றும் முறைப்படி கேட்டு, ஏகமனதாக நிறைவேற்றிவிட்டுப் போண்டா தட்டைக் கையில் எடுத்துவிடுகிறார்கள்.