அடுகோடியில் ஒரு பிஸ்தா சுவர்

அன்புள்ள அத்தைக்கும் மாமாவுக்கும்,

மாமா பெங்களூரை ‘வெளிநாடு’ என்று சொல்வதில் தப்பே இல்லை. காரைக்குடியில் ராத்திரி பஸ் ஏறி விடிகாலை ஓசூர் ரோட்டில் இறங்குகிறவரிடம் இங்கே யாரும் விசா கேட்பதில்லை. அட்வான்ஸ்தான் கேட்பார்கள். பத்து மாத வாடகையை முன்பணமாக வாங்குவது இந்த ஊரில் வெகுநாள் வழக்கம். இப்போது சில இடங்களில் ஐந்து, ஆறு என்று இறங்கியிருக்கிறது. காலி செய்யும்போது அந்தப் பணம் முழுசாகத் திரும்பாது. ‘பெயிண்டிங் சார்ஜ்’ என்று ஒரு மாத வாடகை கழியும். குடியிருந்தவர் ஆணி அடித்தாரா, அவர் பிள்ளை சுவரில் கிறுக்கியதா என்ற விசாரணையெல்லாம் கிடையாது. சுவரைத் தொடாமல் நடுக்கூடத்தில் தவம் இருந்தவருக்கும் ‘ஒந்து திங்களு பாடிகெ’, அந்த ஒரு மாத வாடகை, போனது போனதுதான்.

உங்கள் பிள்ளைக்கு இது பொறுக்கவில்லை. சட்டம் படிக்க உட்கார்ந்துவிட்டார். 2021 ஜூனில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த மாதிரி வாடகைச் சட்டத்தைத் தேடி எடுத்தார். குடியிருக்கும் வீட்டுக்கு 2 மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது அது. சுவருக்கு வெள்ளை அடிப்பதையும் கதவு, ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பதையும் உரிமையாளர் செய்யவேண்டிய வேலைகளின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அச்செடுத்துக் கொண்டுபோய் ஓனரிடம் நீட்டினார். ஓனர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்துவிட்டு இரண்டு இடத்தில் விரல் வைத்தார். ஒன்று, இது மாதிரிதான். மாநிலம் ஏற்றால்தான் செல்லும். இரண்டு, ஒப்பந்தத்தில் வேறு விதமாக ஒத்துக்கொண்டிருந்தால் அதன்படி நடக்கலாம் என்று அதிலேயே இடம் இருக்கிறது. ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டிருப்பவர் உங்கள் பிள்ளை.

நாங்கள் குடியிருக்கும் அடுகோடிப் பக்கத்து வாடகை வீடுகளுக்குப் பெரும்பாலும் ஒரே நிறம், கிரீம். ஓசூர் ரோட்டுப் பக்கம் 1923ல் தொடங்கிய பால்பண்ணை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1927ல் உடம்பு தேறுவதற்காக பெங்களூரில் தங்கியிருந்த காந்தி, அங்கே போய் மாடு வளர்ப்புப் பாடம் கேட்டார். அந்தக் காற்று பட்டுத்தான் இந்தப் பக்கத்துச் சுவரெல்லாம் பாலாடை நிறமாகிவிட்டது என்பது உங்கள் மருமகளின் ஆராய்ச்சி முடிவு. ஓனர் சொல்லும் காரணம் இன்னும் எளிது. 20 லிட்டர் டப்பாவாக வாங்கினால் மலிவு. கீழ் வீட்டில் மீந்தது மேல் வீட்டுக்கு ஆகும். ஆணித் துளையைப் பட்டி வைத்து அடைத்து அதன்மேல் ஒரு இழுப்பு இழுத்தால் ஒட்டுப் போட்டதே தெரியாது. எல்லாவற்றுக்கும் மேலே வெளிச்சம். 20க்கு 30 அடி மனையில் மூன்று மாடி, நான்கு மாடி எழுப்பிவிட்டால், ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்தான் ‘வாங்க’ என்று கூப்பிடுகிறது. நல்ல வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் வெளிச்சத்தில் 80 சதவீதத்துக்கு மேல் திருப்பித் தரும். இருட்டு அறைக்காரர்கள் வெள்ளைக்கு நெருங்கிய கிரீமை விட்டு நகராமல் இருப்பது சும்மா இல்லை.

ஆனால் உங்கள் பிள்ளையின் கண் எந்த ஊர்க் கண்! கானாடுகாத்தான் பக்கத்துப் பழைய வீடுகளில் சுவருக்குப் பெயிண்ட் என்ற பேச்சே இல்லை. சுண்ணாம்பை அரைத்து, அடுக்கடுக்காகப் பூசி, கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றியிருப்பார்கள். தலைமுறைகள் கடந்தும் கை வைத்தால் வழுவழுவென்று குளிர்கிறது. தரையில் ஆத்தங்குடிக் கல்லின் பூவும் கட்டமும் தனிக் கச்சேரி. அந்த வசதி இல்லாத தெருக்களிலும் நிறத்துக்குப் பஞ்சமா? ஒரு வீடு கிளிப்பச்சை, அடுத்தது ரோஸ், அதற்கடுத்தது பள்ளிக்கூட நீலம். பொங்கலுக்கு முன் வெள்ளை அடிக்கிற வழக்கத்தில் வானிலைக் கணக்கும் இருக்கிறது. நம் பக்கம் வடகிழக்குப் பருவமழை டிசம்பரோடு ஓய்கிறது. ஓதம் வாங்கிய சுவர் காய்ந்து, தைப் பிறப்புக்குப் புதுசாகிறது. இந்த ஊரில் ஜூனில் பிடிக்கிற மழை விட்டு விட்டு அக்டோபர் வரை போகிறது. செப்டம்பரில்தான் கொட்டித் தீர்க்கிறது. மழை முடியும் முன் வெளிச்சுவரில் கை வைத்தவர் அடுத்த வருஷம் பாசியைச் சுரண்டிக்கொண்டிருப்பார்.

கூடத்தில் ஒரே ஒரு சுவரை மட்டும் சொந்தச் செலவில் மாற்றிக்கொள்ள ஓனர் அனுமதி கொடுத்தார். அன்றிலிருந்து வீட்டில் அரசாங்கம் நடக்கவில்லை.

முதலில் உங்கள் பிள்ளை கேட்டது சிவப்பு. ஞாயிற்றுக்கிழமை கப்பன் பார்க் போய் வந்த கோளாறு அது. அங்கே 1868ல் கட்டி முடித்த அட்டாரா கச்சேரி, இப்போதைய உயர் நீதிமன்றம், பச்சை மரங்களுக்கு நடுவே செக்கச்செவேலென்று நிற்கிறது. எதிர்ப்பக்கத்தில் சேஷாத்ரி ஐயர் நினைவு மண்டபமாகிய மத்திய நூலகமும் அதே சிவப்பு. பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். வெயிலும் புல்வெளியும் ஆகாயமும் சேர்ந்து அந்தச் சிவப்பைத் தாங்குகின்றன. அதையே பத்தடிக் கூடத்தில், டியூப் லைட்டுக்குக் கீழே கொண்டுவந்தால், அடர் சிவப்பு விழும் வெளிச்சத்தில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். மாலை ஆறு மணிக்கு வீடு போட்டோ கழுவுகிற இருட்டறை ஆகிவிடும் என்று மருமகள் சொன்னதும், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஷேடு கார்டை எடுத்தார்.

ஷேடு கார்டைப் போல ஆளை ஏமாற்றுகிற காகிதம் வேறு இல்லை. தபால்தலை அளவில் சாதுவாக இருக்கும் நிறம் சுவர் முழுக்கப் பரவும்போது பலமடங்கு கத்தும். அதனால் அனுபவசாலிகள் பிடித்ததைவிட ஒரு படி வெளிறியதை எடுக்கிறார்கள். எமல்ஷன் ஈரமாக இருக்கும்போது அதிலுள்ள பிசின் பால்போல வெண்மை கலந்து தெரியும். காய்ந்ததும் பிசின் தெளிந்து, நிறம் ஒரு சாயல் அடர்ந்துவிடும். பெயிண்டர் அடித்துக்கொண்டிருக்கும்போதே ‘இது அது இல்லையே’ என்று பதறுகிறவர்கள் மறுநாள் வரை வாயை மூடிக்கொண்டிருப்பது நல்லது. இவர் மூடவில்லை.

அதற்கு முந்தைய கூத்து கடையில் நடந்தது. இப்போதெல்லாம் நிறத்தை டப்பாவில் அடைத்து வைப்பதில்லை. வெள்ளை பேஸை மெஷினுக்கு அடியில் வைத்து எண்ணைத் தட்டினால், கருப்பில் இத்தனை சொட்டு, மஞ்சளில் இத்தனை சொட்டு என்று அதுவே ஊற்றிக் குலுக்கிக் கொடுக்கிறது. கலந்த பெயிண்டைத் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நிக்காஹ் முடிந்த மாதிரி என்று கடைக்காரர் சிரித்தார். ஒரு பெரிய பெயிண்ட் கம்பெனியின் டப்பாவில் பிரஷும் கையுமாக நின்றானே குறும்புக்காரப் பயல் ‘கட்டு’, அவனை 1954ல் வரைந்தவர் மைசூரில் பிறந்த ஆர்.கே. லக்ஷ்மண். மாமாவுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் கர்நாடகத்துச் சாயங்களிலேயே பெரும்புகழ் பெற்றது சுவருக்குப் போவதே இல்லை. 1937ல் மைசூர் மகாராஜா காலத்தில் தொடங்கிய பெயிண்ட் கம்பெனிதான், 1962 தேர்தலிலிருந்து நம் எல்லோர் விரலிலும் அந்த அழியாத மையை வைத்துக்கொண்டிருக்கிறது. அந்தத் தரத்தில் ஒரு சுவர்ப் பெயிண்ட் வந்தால் ஓனர்களின் பிழைப்பு என்ன ஆவது?

கடைசியில் பிஸ்தாப் பச்சை முடிவானது. உடனே அடிக்காமல், சுவரில் இரண்டு இடத்தில் சாம்பிள் அடித்துப் பார்க்கலாம் என்று பெயிண்டர் சொன்னார். தர்மபுரிக்காரர், பாதி வாக்கியம் தமிழ், மீதி கன்னடம். ‘எரடு கோட்டு அடிச்சா சாக்கு’, அதாவது இரண்டு கோட் போதும், என்கிற ரகம். சாம்பிள் அடித்தது கெட்டிக்கார யோசனை. காலையில் ஜன்னலோரச் சதுரம் பிஸ்தாவாக இல்லை, பழுத்த எலுமிச்சையாக இருந்தது. பக்கத்து வீட்டார் தங்கள் சுவருக்கு ஆரஞ்சு அடித்திருக்கிறார்கள். வெயில் அதில் பட்டுத் தெறித்து நம் கூடத்துக்குள் வந்து விழுகிறது. பெயிண்டுக்குப் பணம் கொடுப்பது இவர், நிறம் கொடுப்பது அடுத்த வீட்டுக்காரர். ராத்திரி வெள்ளை எல்.இ.டி. போட்டால் அதே சதுரம் நீலம் ஏறிக் குளிர்ந்தது. மஞ்சள் பல்பு போட்டதும் வெண்ணெய்ப் பதத்துக்கு வந்தது. ஆகவே பெயிண்டை மாற்றவில்லை, பல்பை மாற்றினோம். மருமகளைக் கேட்டால், நிறம் தேடுகிறவர் கடைக்குப் போகும் முன் எந்த விளக்கில் குடியிருக்கப்போகிறார் என்று தீர்மானிப்பதே முறை. கேட்கத்தான் ஆள் இல்லை.

அத்தை, வீடியோ காலில் பார்த்துவிட்டு ‘ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருக்கே’ என்றீர்களே, அது உங்கள் பிள்ளையை இரண்டு வேளை சாப்பிட விடவில்லை. குற்றம் போனுடையது. வெளிச்சத்தில் எது வெள்ளை என்று கேமரா தானாக ஊகித்து மற்ற நிறங்களை இழுத்துச் சரிசெய்யும். முழுச் சுவரும் பச்சையாக வந்தால் குழம்பி, பச்சையை வெளுத்துவிடும். அடுத்த முறை சுவருக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடிக்கச் சொல்கிறேன். அப்புறம் தீர்ப்புச் சொல்லுங்கள்.

மாமாவுக்கு ஒரு விஷயம். அங்கே பழைய ஜன்னல்களைச் சுரண்டிப் புது எனாமல் அடிக்கப்போவதாகச் சொன்னீர்களாம். 2017 நவம்பர் முதல் வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்று சட்டம் நடைமுறையில் உள்ளது. உங்கள் ஜன்னலில் இருப்பது அதற்கு எவ்வளவோ முந்தியது. உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்துத் தூசி கிளப்ப வேண்டாம். தண்ணீர் தொட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள், பேரப்பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

போன வாரம் வாடகை வாங்க ஓனர் வந்தார். சுவர் முன்னால் நின்று தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். ‘சென்னாகிதே’, நன்றாக இருக்கிறது, என்றார். டப்பா மூடியில் ஒட்டியிருந்த ஷேடு நம்பரைப் போட்டோவும் எடுத்துக்கொண்டார். மேல் மாடி காலியாகிறதாம். உங்கள் பிள்ளைக்குப் பெருமை தாங்கவில்லை, காபி போடச் சொன்னார். காபியைக் குடித்து முடித்துத் தம்ளரைக் கீழே வைத்த ஓனர், பச்சையை மூடிக் கிரீமுக்குத் திரும்ப இரண்டு கோட் போதாது, மூன்று வேண்டியிருக்கும், அதனால் இந்த வீட்டுக்கு ஒந்து திங்களு பத்தாது, ஒன்றரை ஆகும் என்றார்.

இப்படிக்கு,
உங்கள் மருமகள்