ஒற்றைச் சிலிப்பர்

சிரம்பானுக்குப் பக்கத்தில் செனாவாங்கில் எங்கள் தாமான் குடியிருப்பில் தீபாவளி விருந்து நடந்தால் மேடையில் மூன்று தரப்பு கட்டாயம் உண்டு: வாழ்த்துரையை முடிக்கத் தெரியாத தலைவர், உறுமி மேளக் குழு, அப்புறம் நான். முதல் இரண்டு தரப்புக்கும் மைக் இல்லாவிட்டாலும் குடிமுழுகிப் போகாது. என் கையில் இருப்பது மரக் கிட்டார். வாயில்லாப் பூச்சி. உறுமிக்காரர் ஒரு இழுப்பு இழுத்தால், நான் சும்மா கையை ஆட்டுகிறேன் என்றுதான் பின்வரிசை நினைக்கும்.

அதனால் கிட்டாருக்கு, ஒலியை ஸ்பீக்கருக்கு அனுப்பும் ஒரு பிக்கப் வைத்தேன். முதல் ராத்திரி, ஐந்தாவது கம்பியைத்தான் தொட்டேன். 'ஊஊம்ம்ம்' என்று கிளம்பியது பாருங்கள், மூச்சு விடாமல் சங்கு ஊதுவது போல. முன்வரிசைப் பாட்டி ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

"தம்பி, சவுண்டக் குறைங்க!" என்றார் சவுண்ட் சிஸ்டம் அண்ணன்.

குறைத்தேன். கிட்டார் காணாமல் போனது. கூட்டினேன். சங்கு திரும்பி வந்தது. இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது என்று அவர் சத்தியம் செய்தார். மூன்று தீபாவளி தேடினேன்.

நடப்பது என்னவோ பழைய ரப்பர் தோட்டத்து லயத்து வம்புதான். விடியற்காலையில் ஒரு கோடியில் 'கங்காணிக்குக் காய்ச்சலாம்' என்று கிளம்பும் பேச்சு, பால் வெட்டி முடித்துத் திரும்புவதற்குள் 'கங்காணிக்குக் காரியம் என்னைக்கு?' என்று முதலில் சொன்ன வாயிடமே வந்து நிற்கும். கம்பியின் ஒலி பிக்கப் வழியாக ஸ்பீக்கருக்குப் போகிறது. ஸ்பீக்கர் கிட்டாரின் மேல்பலகையை அதிரவைக்கிறது. அந்த அதிர்வையும் பிக்கப் விடாமல் ஸ்பீக்கரிடம் போய்ச் சொல்கிறது. பாடுகிற மைக் இப்படி மாட்டிக்கொண்டால் கீச்சென்று கத்தும். மரக் கிட்டாருக்கு அடித்தொண்டை. காலி பாட்டில் வாயில் ஊதினால் ஒரே சுருதியில் முனகுகிறதே, அதே போல கிட்டாரின் வயிற்றுக் காற்றுக்கும் சொந்தமாக ஒரு முனகல் உண்டு, சுமார் 100 ஹெர்ட்ஸில். ஐந்தாவது கம்பியின் சுருதி 110. பக்கத்து வீடு. இவள் தும்மினால் அவள் எழுந்துவிடுவாள்.

இதே ஊளையை 1964-இல் பீட்டில்ஸ்காரர்கள் 'ஐ ஃபீல் ஃபைன்' பாட்டின் தொடக்கத்திலேயே வைத்து உலகமெல்லாம் விற்றார்கள். எனக்குக் கிடைத்தது மைக் பிடுங்கல். வேறு மாதிரிக் கிட்டார் வாங்கித் தொலையலாம்தான். ஹெலிகாப்டர் செய்துகொண்டிருந்த சார்லஸ் காமன் என்ற அமெரிக்கர், மர முதுகுக்குப் பதில் உருண்டைப் பிளாஸ்டிக் முதுகு வைத்து 1960-களில் ஓவேஷன் கிட்டாரைக் கொண்டுவந்தார். அதை வாங்க நான் முதலில் ஒரு ஹெலிகாப்டரை விற்கவேண்டும்.

நாலாவது தீபாவளியில் அண்ணனுக்குப் பொறுமை போய்விட்டது. என் காலடியில் கிட்டாரை முறைத்துக்கொண்டிருந்த மானிட்டர் ஸ்பீக்கரைப் பக்கவாட்டில் திருப்பினார். மிக்சரில் 100 பக்கம் கொஞ்சம் வெட்டினார். சங்கு பாதி அடங்கியது. "அந்த ஓட்டைய அடைக்கணும்யா" என்று இறங்கிப் போனவர், விருந்து நடந்த டேவான் வாசலில் கிடந்த சிலிப்பர்களில் பெரியதாக ஒன்றைப் பொறுக்கினார். பேனாக்கத்தியால் முன்பாதத்தை வட்டமாக வெட்டினார். கிட்டார் வயிற்றின் நாலு அங்குல ஓட்டையில் கட்டைவிரலால் அழுத்தினார். 'புளுக்'. விரல் தடம் பதிந்த அந்த நீல வட்டம் அம்சமாக உட்கார்ந்துகொண்டது.

ஐந்தாவது கம்பியைத் தட்டினேன். ஏ சுருதி. வெறும் ஏ சுருதி! உறுமிக்காரரே திரும்பிப் பார்த்தார்.

இதற்கென்றே ரப்பர் மூடி கடையில் விற்கிறதாம், பிறகுதான் தெரிந்தது. அப்பா காலமெல்லாம் ரப்பர் மரம் சீவினார். மகனுக்கு ரப்பரின் அருமை சிலிப்பர் வடிவில்தான் விளங்கவேண்டும் என்றிருக்கிறது. மைக் இல்லாமல் வாசித்தால் அடைத்த கிட்டார் ஜலதோஷம் பிடித்தது போலத்தான் இருக்கும். அது வீட்டு விஷயம், ஊருக்குத் தெரியவேண்டாம்.

அன்று ராத்திரி ஒற்றைக் காலில் சிலிப்பரோடு வீட்டுக்குப் போன புண்ணியவான் இதைப் படித்தால்: தேடவேண்டாம் ஐயா, இடது கால் என் கிட்டாரில் இருக்கிறது. புது ஜோடிக்குக் காசை சவுண்ட் அண்ணனிடம் வாங்கிக்கொள்ளவும்.