விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் படகுக்கு

முதலாம் எலிசபெத் மகாராணிக்குத் துறைமுகங்களைப் பழுதுபார்க்க வேண்டியிருந்தது. கஜானாவில் காசில்லை. புதிய வரி போட்டால் ஜனங்கள் மண்ணை வாரித் தூற்றுவார்கள். யோசித்துப் பார்த்து, 1567-ல் ஒரு லாட்டரியை அறிவித்தார். மொத்தம் 4 லட்சம் சீட்டு. ஒரு சீட்டு பத்து ஷில்லிங். முதல் பரிசு 5,000 பவுண்ட். அதில் ரொக்கம் 3,000 மட்டும்தான். மீதிக்கு வெள்ளிப் பாத்திரம், சித்திரத் திரைச்சீலை, நல்ல லினன் துணி. தீபாவளிச் சீட்டு கட்டி, கடைசியில் எவர்சில்வர் தூக்கும் அரைக் கிலோ மைசூர்பாகும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பியவர்களுக்கு ராணியின் மனசு சட்டென்று புரியும்.

சீட்டு வாங்க வருகிறவர்களை ஏழு நாளைக்குக் கைது செய்ய மாட்டோம் என்று இன்னொரு சலுகையும் கொடுத்தார்கள். கொலை, ராஜத் துரோகம், கடற்கொள்ளை மாதிரி பெரிய சமாச்சாரங்களுக்கு மட்டும் இது செல்லாது. கடற்கொள்ளையைச் சேர்த்ததுதான் பிசகு. அந்தக் காலத்து இங்கிலாந்தில் கையில் பத்து ஷில்லிங் வைத்திருந்தவர்களில் எத்தனை பேரை இந்த ஒரு வார்த்தை விரட்டியதோ! பத்தில் ஒரு பங்குகூட விற்கவில்லை. குலுக்கலைத் தள்ளித் தள்ளிப் போட்டு, 1569 ஜனவரி 11 அன்று லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தின் மேற்கு வாசலில் ஆரம்பித்தார்கள். ராப்பகலாக இழுத்து, மே 6-ம் தேதி முடித்தார்கள். பரிசுத் தொகையையும் வெட்டினார்கள். ‘விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு’ என்று நம் ஊரில் 1968-ல் சொன்ன தத்துவத்துக்கு நாலு நூற்றாண்டு மூத்த அக்கா இது. என்ன, வீட்டுக்கும் சரியாக விழவில்லை, நாட்டுக்கும் சரியாக விழவில்லை.

அதற்குப் பிறகு இருநூற்றைம்பது ஆண்டுக்கு மேல் பிரிட்டன் லாட்டரியை விடவும் முடியாமல் வைத்துக்கொள்ளவும் முடியாமல் தவித்தது. வெஸ்ட்மின்ஸ்டர் பாலம் லாட்டரிக் காசு. பிரிட்டிஷ் மியூசியம் லாட்டரிக் காசு. அந்தச் சீட்டு விற்பனையில் நடந்த தில்லுமுல்லுக்கு ஒரு அதிகாரி அபராதமும் கட்டினார். ஒழுக்கவாதிகள் கத்திக் கத்தி, 1826-ல் கடையைச் சாத்த வைத்தார்கள். ஜனங்கள் அசரவில்லை. அடுத்த நூற்றாண்டில் கால்பந்து ‘பூல்ஸ்’ வந்தது. எந்த ஆட்டம் டிராவில் முடியும் என்று வாரா வாரம் கூப்பனில் குறித்து அனுப்ப வேண்டும். கேட்டால், இது சூதாட்டம் இல்லை, அறிவு சார்ந்த கணிப்பு என்பார்கள். குதிரைப் பந்தயத்துக்குப் போன மாமாக்கள் எல்லா ஊரிலும் இதையேதான் சொல்லியிருக்கிறார்கள்.

பிரதமர் ஜான் மேஜர் இந்தக் கடையை மறுபடி திறந்தவர். அப்பா நாடகக் கொட்டகைக் கலைஞர். பிற்பாடு தோட்டத்தில் வைக்கும் குள்ள பொம்மைகளைச் செய்து விற்றவர். மகனுக்குக் கிரிக்கெட் பைத்தியம். 1997-ல் தேர்தலில் மண்ணைக் கவ்வி, பதவியை ராஜினாமா செய்த கையோடு ஓவல் மைதானத்துக்கு மேட்ச் பார்க்கப் போன மனுஷன். அப்படிப்பட்டவர் 1993-ல் சட்டம் கொண்டுவந்தால் அதில் விளையாட்டுக்குப் பங்கு இல்லாமலா இருக்கும்?

1994 நவம்பர் 19, சனிக்கிழமை ராத்திரி. பிபிசியில் முதல் குலுக்கல். நடத்திய கம்பெனியின் பெயர் கேம்லாட், அதாவது ஆர்தர் ராஜாவின் அரண்மனை. பந்துகளைக் குலுக்கும் இயந்திரத்துக்கு ராணியின் பெயர்: கினிவர். 49 பந்து, அதில் ஆறு. ஒரு பவுண்ட் சீட்டுக்கு முதல் பரிசு விழும் வாய்ப்பு 1,39,83,816-ல் ஒன்று. விளம்பரத்தில் நட்சத்திர வானத்திலிருந்து ஒரு ராட்சசக் கை இறங்கி, அது நீங்களாகவும் இருக்கலாம் என்று ஜன்னலைச் சுட்டியது. தேசமே அந்த விரலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தது.

அந்த ஒரு பவுண்ட் எங்கே போனது என்று கிழக்கு லண்டனில் ஒரு மூலைக் கடை கல்லாவில் நின்று பார்ப்போம். கடைக்காரர் குஜராத்தியாக இருக்கலாம், யாழ்ப்பாணத்துக்காரராகவும் இருக்கலாம். பவுண்டுக்கு நூறு பென்ஸ். ஏறக்குறைய ஐம்பது பரிசுக்கு. பன்னிரண்டு நேராக அரசுக்கு, வரியாக. ஐந்து கடைக்காரருக்குக் கமிஷன். சுமார் ஐந்து, நடத்துகிற கம்பெனிக்கு. மிச்சம் 28 பென்ஸ் ‘நற்காரியங்களுக்கு’. நற்காரியம் ஐந்து வகை: கலை, விளையாட்டு, பாரம்பரியம், தர்ம காரியம், அப்புறம் 2000-ம் ஆண்டு பிறப்பதைக் கொண்டாடுவது. சமபங்கு. ஆக, விளையாட்டுக்கு 5.6 பென்ஸ். பல் குத்தும் குச்சி வாங்கக்கூடப் போதாது. ஆனால் ஒரு தேசம் முழுக்க வாரா வாரம் ஏமாந்தால் அது கோடிக்கணக்கில் வந்து நிற்கும்.

இந்தப் பணத்தை மந்திரி தொடக் கூடாது. அது தனி நிதியில் போய் விழும். அங்கிருந்து விளையாட்டு வாரியங்கள் எடுத்துக் கொடுக்க வேண்டும். மந்திரி பொதுவாக ‘வழிகாட்டுதல்’ எழுதலாம். இந்த கிளப்புக்குக் கொடு, அந்த கிளப்புக்குக் கொடுக்காதே என்று சொல்லக் கூடாது. ஒரு கை தூரம் தள்ளி நிற்பது என்று இதற்குப் பெயர். கை நீளமானவர்கள் மந்திரியாவதுண்டு என்பதை மட்டும் சட்டம் யோசிக்கவில்லை. அடுத்து வந்த அரசு 1998-ல் உடல்நலம், கல்வி, சுற்றுச்சூழல் என்று ஆறாவதாக ஒரு இலை போட்டது. விளையாட்டின் பங்கு இருபது சதவீதத்திலிருந்து பதினாறே முக்காலுக்குக் கொஞ்சம் கீழே இறங்கியது. வரிப்பணத்தில் செய்ய வேண்டியதை லாட்டரியில் செய்கிறீர்களே என்று கேட்டவர்களுக்கு, இதெல்லாம் கூடுதல் சேவை என்று பதில். பழைய இருபது திரும்பி வர 2012 ஆனது. கூட்டுக் குடும்பச் சொத்து மாதிரிதான்; ஆள் மாறினால் அளவுகோல் மாறும்.

ஆரம்பத்தில் இன்னொரு வேடிக்கை. லாட்டரிக் காசைக் கட்டடத்துக்குத்தான் செலவழிக்கலாம், ஆளுக்குச் செலவழிக்கக் கூடாது என்பது விதி. நீச்சல் குளம் கட்டலாம். நீந்துகிறவனுக்கு முட்டை வாங்கித் தரக் கூடாது. இதன் பலன் 1996-ல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் தெரிந்தது. பதக்கப் பட்டியலில் பிரிட்டன் 36-வது. தங்கம் ஒன்றே ஒன்று: துடுப்புப் படகில் ஸ்டீவ் ரெட்கிரேவும் மாத்யூ பின்சென்ட்டும். பக்கத்து வீட்டு அயர்லாந்துக்கு மூன்று. பிரிட்டிஷ் டைவிங் வீரர்கள் கைச்செலவுக்காகத் தங்கள் அணிச் சீருடையைத் தெருவில் வைத்து விற்றார்கள் என்று ஒரு கதையை அங்கே இன்றும் சொல்கிறார்கள். சூரியன் அஸ்தமிக்காத சாம்ராஜ்யத்தின் டி-ஷர்ட், பேரம் பேசி வாங்கலாம். ரெட்கிரேவ் கரையேறியதும், இனி என்னைப் படகுப் பக்கம் பார்த்தால் சுட்டுவிடலாம் என்று எல்லோருக்கும் அனுமதி கொடுத்தார்.

விதியை மாற்றினார்கள். 1997-லிருந்து லாட்டரிக் காசு நேராக வீரர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் போக ஆரம்பித்தது. மேலே யூகே ஸ்போர்ட் என்று புதிய அமைப்பு. மூன்றே வருஷம். 2000-ல் சிட்னியில் 11 தங்கம். ரெட்கிரேவ் 38 வயதில் மறுபடி படகில் ஏறி ஐந்தாவது தங்கம் வாங்கினார், யாரும் சுடவில்லை.

அந்தப் பதினொன்றை எண்ணிப் பார்த்தால் ஒரு விஷயம் தென்படும். பாய்மரப் படகில் மூன்று, துடுப்புப் படகில் இரண்டு, சைக்கிளில் ஒன்று. பாதிக்கு மேல் உட்கார்ந்துகொண்டே ஜெயித்தவை. உட்கார்ந்து ஆடும் ஆட்டத்தில் பிரிட்டன் புலி என்று வெள்ளைக்காரனே கேலி செய்வான். காரணம் சோம்பேறித்தனம் இல்லை. விலையுயர்ந்த படகும் சைக்கிளும் வேண்டிய ஆட்டங்களில் ஏழை நாடுகள் போட்டிக்கு வருவதில்லை. காசைக் கொட்டினால் பதக்கம் கொட்டும். சைக்கிள் அணியினருக்குக் கை கழுவுவது எப்படி என்று வகுப்பு எடுத்தார்கள். வீரர்கள் தங்கள் தலையணையைக் கூடவே தூக்கிக்கொண்டு போனார்கள். இத்தனைக்கும் படி அளந்தவர், மூலைக் கடையில் பிறந்த தேதிகளை எண்ணாகக் குறித்துச் சீட்டு வாங்கிய பஸ் கண்டக்டர்.

கட்டடப் பைத்தியமும் முழுசாகத் தெளியவில்லை. வெம்ப்ளியைப் புதுசாகக் கட்ட 12 கோடி பவுண்ட் லாட்டரிக் காசு கொடுத்தார்கள். கால்பந்தும் நடக்கும், ஓட்டப் பந்தயமும் நடக்கும் என்று பேச்சு. கொடுத்த பிறகு, ஓடுதளம் வேண்டாம் என்றார் மந்திரி. அப்படியானால் 2 கோடியைத் திருப்பிக் கொடு என்று ஒரு பஞ்சாயத்து. மைதானம் திறந்தது 2007-ல். அதற்குள் லண்டனுக்கு 2012 ஒலிம்பிக்கே கிடைத்துவிட்டது; அதற்கு 200 கோடி பவுண்டுக்கு மேல் லாட்டரியிலிருந்து போனது. தர்ம காரியங்களின் பங்கிலும் கை வைத்தார்கள். ஒலிம்பிக் நிலத்தை விற்றுத் திருப்பித் தருகிறோம் என்று வாக்குறுதி. மைத்துனர் வாங்கிய கைமாற்றுக்கு இதைவிடக் கெட்டியான வாக்குறுதி உண்டு.

இப்போதுதான் கதையின் ருசியான இடத்துக்கு வருகிறோம். 2006 வாக்கில் யூகே ஸ்போர்ட் ஒரு கொள்கை வகுத்தது: ‘சமரசம் இல்லை’. பதக்கம் வரும் என்றால் பணம்; வராது என்றால் வாசல் அந்தப் பக்கம். ஒன்றே கால் கோடிக்கும் மேல் எதிராக நிற்கும் வாய்ப்பை நம்பிச் சீட்டு வாங்கியவர்களின் காசு இது. அதைப் பங்கிடுகிற கனவான்களோ, நிச்சயம் ஜெயிக்கும் என்று தெரிந்தால்தான் பையை அவிழ்ப்பார்கள். அதிர்ஷ்டத்தில் வந்த பணத்துக்கு அதிர்ஷ்டத்தின் மேல் துளியும் நம்பிக்கை இல்லை. நகரத்துப் பிள்ளைகள் தெருவோரக் கூடையில் பந்து போடும் பாஸ்கெட்பால், 2014-ல் அவுட். பேட்மின்டன் 2016 ரியோவில் வெண்கலம் வாங்கி வந்தது. டிசம்பரில் மொத்தப் பணமும் போச்சு. பளுதூக்குதலும் அதே கதி. பட்டியலில் பிரிட்டன் அந்த ரியோவில் இரண்டாவது இடம், சீனாவுக்கும் மேலே. 36-லிருந்து 2. எதிர்த்துப் பேச யாருக்கு வாய் வரும்?

கணக்குப் பிள்ளைகள் பிஎம்எக்ஸ் சைக்கிளையும் பார்த்தார்கள். ரியோவுக்குப் பிறகு ஆண்களுக்கு மட்டும் பணம், பெண்களுக்குக் கிடையாது என்று முடிவானது. பெத்தனி ஷ்ரீவர் என்ற இளம்பெண், பள்ளிக்கூடத்தில் உதவி ஆசிரியை வேலை பார்த்துக்கொண்டே, டோக்கியோவுக்குத் தகுதி பெற ஊராரிடம் 50,000 பவுண்ட் கேட்டு இணையத்தில் உண்டியல் வைத்தார். குலுக்கல் இல்லாத லாட்டரி. போட்டவருக்குப் பரிசு கிடையாது. நன்றாக ஓட்டத் தொடங்கிய பிறகு அமைப்பு அவரைத் திரும்பக் கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டது.

2021 ஜூலை 30, டோக்கியோ. முதலில் ஆண்கள் பந்தயம்: கை வைட் என்ற வீரருக்கு வெள்ளி. சற்று நேரத்தில் பெண்கள். ஷ்ரீவர் முதலில் வந்து கோட்டைத் தாண்டினார். தாண்டியதும் கால் நிற்கவில்லை, தரையில் விழுந்துவிட்டார். வைட் ஓடி வந்து அவரை அப்படியே தூக்கிக்கொண்டார். காசு கொடுத்து வளர்த்த வெள்ளி, கொடுக்க மறுத்த தங்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது.