விலை கேட்ட தந்தைக்கு

கே: எட்டாவது படிக்கும் மகனுக்குச் செஸ் பயிற்சி மென்பொருள் வாங்கப் போகிறேன். விலை அதிகமுள்ளதுதானே நல்லது? (ஒரு தந்தை, சேலம்)

ப: உலக சாம்பியனையே வீழ்த்தக்கூடிய ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் இன்ஜின் (நகர்த்தல்களைக் கணக்கிடும் மென்பொருள்) இலவசம். இனி விலையை வைத்து எதை அளப்பீர்கள்? லீசெஸ் தளத்தில் புதிர்கள், ஆட்ட அலசல் எல்லாமே இலவசம், விளம்பரத் தொல்லையும் இல்லை. செஸ்பேஸ் போன்ற கட்டண மென்பொருள்கள் எதிராளியின் பழைய ஆட்டங்களைத் துருவிப் பார்த்துத் தயாராகிறவர்களுக்கு. மகன் ரேட்டிங் போட்டிகளில் காலூன்றட்டும், அப்போது வாங்கலாம். இப்போதைக்கு அந்தப் பணத்தில் ஒரு செஸ் கடிகாரமும் நல்ல எண்ட்கேம் புத்தகமும் வாங்கிக் கொடுங்கள்.

கே: இலவசம் என்றீர்களே, இன்றே இன்ஜினை அவன் கையில் கொடுத்துவிடட்டுமா?

ப: சென்னையின் குகேஷை அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா நெடுநாள் இன்ஜின் பக்கமே விடவில்லை. 12 வயதில் கிராண்ட்மாஸ்டர், 18 வயதில் உலக சாம்பியன்! உங்கள் மகன் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டாம். ஆட்டம் முடிந்ததும் எங்கே சறுக்கினான், அப்போது என்ன நினைத்தான் என்று முதலில் நோட்டில் எழுதட்டும், பிறகு இன்ஜினைத் திறக்கட்டும். நகர்த்தல் தப்பு என்று அது நொடியில் காட்டிவிடும். ஏன் தப்பு என்பதை மட்டும் அவன்தான் கண்டுபிடித்தாக வேண்டும்.